கூட இழுக்க ஆள் வேண்டும்

எண்பதுகளின் தொடக்கத்தில் குமரி மாவட்டத்துக் குளச்சல் கடற்கரையில் விடிவதற்கு முன்பே கரமடி வலை இழுப்பு தொடங்கிவிடும். வள்ளத்தில் வலையை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள், கம்பாக் கயிற்றின் ஒரு முனையைக் கரையில் நிற்பவர்களிடம் விட்டுச் செல்வார்கள். கடலுக்குள் அரைவட்டமாகச் சுற்றி வலையை விரித்துவிட்டு, மறுமுனையோடு கொஞ்சம் தள்ளிக் கரையேறுவார்கள். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாகக் கயிற்றைப் பிடிப்பார்கள். ஒருவர் குரல் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏற்றுச் சொல்வார்கள். அந்தக் குரலுக்குத்தான் கால் பின்னால் போகும். வரிசையின் கடைசியில் நிற்பவர் வந்த கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டு, தண்ணீரோரம் ஓடி முதல் ஆளாகப் பிடிப்பார். வலை நெருங்க நெருங்க இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று நெருங்கும். மடி கரையைத் தொடும்போது எல்லாரும் ஒரே கூட்டமாகியிருப்பார்கள்.

யார் வேண்டுமானாலும் கை கொடுக்கலாம். கை கொடுத்த சின்னப் பயலுக்கும் ஒரு கை சாளை கிடைக்கும். நாகர்கோவிலில் பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்த என் அண்ணனும் அவனுடைய கூட்டாளிகளும் விடியற்காலையில் போய்க் கயிறு பிடித்துவிட்டு, கிணற்றடியில் நாலு வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஏழரை மணி பஸ்ஸைப் பிடிப்பார்கள். புதிதாக வந்த பையன் கையை மட்டும் வைத்து இழுத்தால் அப்பன் திருத்துவார்: “குனியாத மக்களே. சாஞ்சு நில்லு. குதி மண்ணுல பதியட்டும். கையால இழுக்காண்டாம், உடம்ப வச்சு இழு.” இடுப்பும் தொடையும் வேலை செய்ய வேண்டும், நடுமுதுகில் பாரம் விழக்கூடாது என்று இன்று உடற்பயிற்சிக் கூடத்தில் மாஸ்டர்கள் சொல்கிற பாடம்தான் அது. அதைச் சொன்னவர் நாலாம் வகுப்பு தாண்டாதவர்.

அவர் இன்னொன்றும் சொல்வார்: “கூட இழுக்க ஆளிருந்தா கயிறு கனக்காது.” நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, கல்லூரிப் பிள்ளைகளின் உடற்பயிற்சியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்தப் பேச்சுதான்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கி எழுத எனக்கு மனம் வராது. அந்தக் கயிற்றில் நான் கை வைத்ததில்லை. பெண்பிள்ளைகள் வைக்கக்கூடாது. எங்கள் கரையில் பெண்களின் வேலை மீன் கரையேறிய பிறகுதான் தொடங்கும். என் அம்மை ஓலைக்கடவத்தில் மீனை நிரப்பி, தலையில் சும்மாடு வைத்து, திங்கள்நகர் சந்தை வரை நடப்பாள். சும்மா நடப்பதில்லை, மீன் கெடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதால் பாதி ஓட்டம். இன்றைய கணக்கில் பார்த்தால் எந்த உடற்பயிற்சி ஆசிரியரும் மெச்சும் உழைப்பு அது. ஆனால் ஐம்பது வயதில் அவளுக்குக் கழுத்து திரும்பாது. இரண்டு முழங்காலும் வீங்கியிருக்கும். இரவில் தைலம் தேய்த்துவிடச் சொல்லுவாள். ஒரே பாரத்தை ஒரே எலும்பின் மேல் ஓய்வில்லாமல் ஏற்றினால் உடம்பு தேயும். பயிற்சி என்பது உடம்பை வளர்க்கிற அளவுக்குப் பாரத்தைக் கூட்டி, பிறகு ஆற விடுவது. அம்மைக்கு ஆற விடுவதற்கு நாள் இருந்ததில்லை. ஆகவே, ‘அந்தக் காலத்தில் யார் எக்ஸர்சைஸ் செய்தார்கள், நாங்களெல்லாம் ஆரோக்கியமாக இல்லையா’ என்று யாராவது கேட்டால், அவளுடைய முழங்கால்தான் என்னுடைய பதில்.

அம்மையைப் போன்றவர்கள் நடந்ததற்குக் காசில்லாதது மட்டுமே காரணமில்லை. கடவத்தோடு பஸ்ஸில் ஏறினால் முகம் சுளிப்பார்கள். அது பழைய கதையும் இல்லை. 2021 டிசம்பரில் குளச்சல் பஸ் நிலையத்தில், மீன் விற்றுவிட்டு வந்த ஒரு மூதாட்டியை நாற்றம் அடிக்கிறது என்று சொல்லிப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் அங்கேயே நின்று நியாயம் கேட்ட காட்சியை நாடே பார்த்தது. முதலமைச்சர் கண்டித்தார். சம்பந்தப்பட்ட ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். உழைத்த உடம்புக்கு எங்கள் பக்கத்தில் கிடைத்துவந்த மரியாதையின் அளவை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது.

ஆண்பிள்ளைகளுக்குக் கரமடி தவிரவும் இடங்கள் இருந்தன. சாயங்காலம் கடற்கரை மணலில் கால்பந்து. வெறுங்காலால் மணலில் ஓடிப் பழகியவர்கள் புல்தரையில் இறங்கினால் பிடிக்க முடியாது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். உள்ளே, தோப்புகளுக்கு நடுவே, ஆசான்மார் அடிமுறையும் சிலம்பமும் சொல்லிக்கொடுத்தார்கள். குமரி மாவட்டம் வர்மக் கலைக்குப் பேர் பெற்றது. அடிக்கத் தெரிந்த ஆசானுக்கு வைத்தியமும் தெரியும். எங்கே தட்டினால் ஆள் விழுவான் என்று தெரிந்தவரே, விழுந்தவனை எப்படித் தடவி எழுப்புவது என்றும் அறிந்திருப்பார். சுவடு வைக்கச் சொல்லி, பத்துப் பதினைந்து பையன்களை ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் நகரவைப்பதை ஓலைவேலி இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பதுதான் எனக்கு அனுமதிக்கப்பட்ட இடம்.

பள்ளிக்கூடத்திலும் அதுவேதான். பி.டி. பீரியட் என்றால் பையன்களுக்குப் பந்து. எங்களுக்குப் பூவரச மர நிழல். பையன்களின் வாட்ச்சுகளையும் சட்டைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒருமுறை பந்து எங்கள் பக்கம் உருண்டு வந்தபோது என் பக்கத்தில் இருந்தவள் எழுந்து ஓங்கி உதைத்தாள். பந்து மைதானத்தின் பாதியைத் தாண்டிப் போனது. பையன்கள் கைதட்டினார்கள். அவளுக்குக் கிடைத்தது ஒரு மணிநேரம் முட்டிபோடும் தண்டனை. அந்தக் கால் இன்னும் எத்தனை தூரம் உதைத்திருக்குமோ, யாருக்குத் தெரியும்!

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் சேர்ந்தபோது நிலைமை கொஞ்சம் திறந்தது. அங்கே பெண்களுக்கு த்ரோபால் இருந்தது, டென்னிகாய்ட் இருந்தது, உடற்கல்விக்கென்று ஓர் அம்மா இருந்தார். என் உயரத்தைப் பார்த்து த்ரோபால் அணிக்குப் பெயர் எழுதிக்கொண்டார். பயிற்சி மாலை நாலு மணிக்குத் தொடங்கும். குளச்சல் பஸ் நாலு இருபதுக்கு. அதை விட்டால் அடுத்தது ஐந்தரைக்கு மேல். ஊர் வந்து சேர இருட்டிவிடும். “இருட்டுக்க முன்னால வீட்டுல நிக்கணும்” என்று அப்பன் ஒரே வரியில் முடித்துவிட்டார். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது மைதானத்திலிருந்து விசில் சத்தம் கேட்கும். ஒரு வாரம் கழித்து அந்த அம்மா நோட்டில் என் பெயரின் மேல் கோடு போட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ‘குளச்சல்’, ‘முட்டம்’, ‘மண்டைக்காடு’ என்று பக்கத்தில் ஊர் எழுதியிருந்த பெயர்களில் பெரும்பாலானவற்றின் மேல் அதே கோடு இருந்தது.

இந்த மண்ணில் கூட்டுப் பயிற்சிக்குப் பெரிய சரித்திரமே உண்டு. 1741 ஆகஸ்ட்டில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கம்பெனியின் படையைக் குளச்சலில் தோற்கடித்தது. வெற்றித்தூண் இன்றும் ஊரில் நிற்கிறது. அப்போது சரணடைந்தவர்களில் ஒருவர் யூஸ்டேஷியஸ் டி லனாய். மன்னர் அவரையே தன் படைக்குப் பயிற்சியாளராக்கினார். ஒரே நேரத்தில் அடி எடுத்துவைப்பது, ஒரே கட்டளைக்குத் திரும்புவது, வரிசை குலையாமல் துப்பாக்கி நிரப்புவது என்று ஐரோப்பிய டிரில் முறையைத் திருவிதாங்கூர் வீரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு படைத்தலைவராகவே உயர்ந்தார். ‘வலிய கப்பித்தான்’ என்று மக்கள் அழைத்தார்கள். 1777-இல் இறந்தார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. தோற்றவரிடமிருந்து ஜெயித்தவர் பாடம் படித்த அந்த அடக்கத்தை நான் எப்போதும் வியப்பதுண்டு.

சிப்பாயை உருவாக்கப் பிறந்த அந்த டிரில் பிற்பாடு பள்ளிக்கூட மைதானங்களிலும் இறங்கியது. 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நாம் பார்த்த பி.டி. மாஸ்டர்கள் பலருக்கும் அதுவே தாய்வீடு. 1948-இல் என்.சி.சி. வந்தது. அடுத்த ஆண்டே அதில் பெண்கள் பிரிவும் தொடங்கப்பட்டது. எல்லாம் நல்லவையே. ஆனால் டிரிலிலும் விளையாட்டு அணியிலும் ஒரு பொதுக்குணம் உண்டு. உயரம் பார்ப்பார்கள், ஓட்டம் பார்ப்பார்கள், தேர்ந்தெடுப்பார்கள். ஆயிரம் பேர் படிக்கிற கல்லூரியில் நூறு பேருக்கு மைதானம், மிச்சத் தொள்ளாயிரம் பேருக்குக் கைதட்டல். அந்தத் தொள்ளாயிரம் பேரைப் பற்றித்தான் எனக்கு அக்கறை.

இப்போது நிலைமை என்ன? கரை மாறிவிட்டது. 2004 டிசம்பர் 26 காலையில் வந்த சுனாமியில் குமரி மாவட்டத்தில் மிக மோசமாக அடிபட்ட ஊர்களில் ஒன்று குளச்சல். அலைக்குத் தப்பி ஓடியவர்களில் பலர் ஏ.வி.எம். கால்வாயில் அகப்பட்டு இறந்தார்கள். அதற்குப் பிறகு வெகுநாள் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வரவில்லை. கடலரிப்பும் அதைத் தடுக்கப் போட்ட கல்மதில்களும் தூண்டில் வளைவுகளும் சேர்ந்து, கரமடி இழுக்க வேண்டிய மணல்வெளியைப் பல ஊர்களில் சுருக்கிவிட்டன. மோட்டார் வைத்த வள்ளங்களும் விசைப்படகுகளும் வந்தபிறகு கரையில் கூடி இழுக்க ஆள் தேவை குறைந்தது. அப்பன்மார் வளைகுடாவுக்குப் போனார்கள். மகன்களும் மகள்களும் கல்லூரிக்குப் போனார்கள். அப்படிப் போக வேண்டும் என்றுதான் என் அம்மை கடவம் சுமந்தாள். அந்த மாற்றத்தில் எனக்கு முழுச் சம்மதம்.

என் அண்ணன் மகள் பி.காம். படிக்கிறாள். கயிறு இழுத்துவிட்டு ஏழரை மணி பஸ்ஸுக்கு ஓடியவனுடைய மகள். ஐந்தரைக்கு எழுகிறாள். இரண்டு பஸ் மாறிக் கல்லூரி. மூன்றரை வரை வகுப்பு. அதற்கு மேல் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஒரு திறன் பயிற்சி. வீடு வந்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங். ராத்திரி அசைன்மென்ட். அவளுடைய வகுப்பில் ஜவுளிக்கடையில் பகுதிநேர வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பீச் ரோட்டில் தேநீர்க்கடையில் நிற்கிற பையனும் இருக்கிறான். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எப்போதும் போன்தான்’ என்று சொல்கிறவர்கள் இவர்களுடைய ஒரு நாளை உடனிருந்து பார்க்க வேண்டும். நாள் முழுக்க ஓடுகிறார்கள். உடம்பு மட்டும் உட்கார்ந்தே இருக்கிறது: பஸ்ஸில், பெஞ்சில், திரைக்கு முன்னால். பத்தொன்பது வயதில் கழுத்துவலி என்கிறாள். என் அம்மை ஐம்பதில் சொன்ன அதே கழுத்துவலி. சுமந்து வந்தது அது; குனிந்து வந்தது இது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும், அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. நாளொன்றுக்கு இருபது சொச்சம் நிமிடம்தானே என்று தோன்றும். அவளுக்கு அந்த இருபது நிமிடத்தை எங்கே வெட்டி எடுப்பது? விடியற்காலையில் சாலையில் தனியாக ஓடினால் தெருநாய், கேலி, அம்மாவின் பயம். வீட்டில் யூடியூப் பார்த்துச் செய்தால் இரண்டு நாளில் நின்றுவிடுகிறது. உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாதக் கட்டணம் கட்ட வேண்டும். 2023 நவம்பரில் அரசு எல்லா மாவட்டங்களிலும் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது. நல்ல திட்டம், காலை நேரம் கையில் இருப்பவர்களுக்கு உதவும். இரண்டு பஸ் மாறிப் போகிற பெண்ணுக்குக் காலை நேரம் ஏது?

அவளுடைய கல்லூரியில் இப்போது வாரத்தில் இரண்டு நாள் கூட்டு உடற்பயிற்சி வகுப்பு நடக்கிறது. பார்க்கப் போனேன். கலையரங்கத்தின் நாற்காலிகளை ஓரமாக அடுக்கியிருந்தார்கள். வாசலில் செருப்புகள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, சிலர் சுடிதார் பேண்டை மடித்துவிட்டு, எல்லாரும் வெறுங்காலோடு நின்றார்கள். உடற்கல்வி இயக்குநரான ஓர் இளம்பெண் மேடையில் ஏறாமல் அவர்களுக்கு நடுவில் வந்து நின்றார். ஸ்பீக்கரில் பாட்டு. முதலில் நின்ற இடத்திலேயே நடை. பிறகு பக்கவாட்டில் இரண்டு எட்டு, கைதட்டல். பிறகு நாற்காலி இருப்பதாக நினைத்து உட்கார்ந்து எழ வேண்டும். “முட்டி உள்ள வரக்கூடாது, வெயிட்டு குதியில இருக்கட்டும்” என்றார். அப்பன் கரையில் சொன்னதுதான். “அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு” என்று அவர் குரல் கொடுக்க, மொத்தக் கூட்டமும் எட்டாவது எண்ணில் ஒன்றாகத் திரும்பியது.

கடைசி வரிசையில் நல்ல பருமனான ஒரு பெண் நின்றாள். தொடக்கத்தில் சுவரை ஒட்டி, யார் கண்ணிலும் படாமல் இருக்கப் பார்த்தாள். அடியைத் தவறவிடும்போதெல்லாம் நின்றுவிடுவாள். பக்கத்தில் இருந்தவள் அவளைப் பார்க்காமலேயே முழங்கையால் லேசாக இடித்து, தன் காலைக் கொஞ்சம் பெரிதாக எடுத்து வைத்துக் காட்டினாள். பத்து நிமிடம் கழிந்தபோது அவள் சுவரை விட்டு நகர்ந்திருந்தாள். பாட்டு முடிவதற்குள் நெற்றியெல்லாம் வியர்வை, வாயெல்லாம் சிரிப்பு. ஒரு வகுப்பு செய்ய வேண்டிய காரியம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

என் அண்ணன் மகளிடம் கேட்டேன். “ஒத்தைக்கு நின்னு செஞ்சா ரெண்டு நாள்தான் மாமி. இங்க வரல்லன்னா அவளுவ விடமாட்டாளுவ. எங்க போன, ஏன் வரல்லன்னு கேப்பாளுவ” என்றாள். வராதபோது தேட ஆள் இருக்கிறது என்பதே அவளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அப்பன் கயிற்றைப் பற்றிச் சொன்னதை இவள் வேறு பேச்சில் சொல்கிறாள்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சில்லை. 1920-களில் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பெர்லினில் படகு வலிக்கும் கழகத்தினரை வைத்துச் சோதனை செய்தார். தனியாக எடை தூக்கும்போது சீக்கிரம் சோர்கிறவர், வலுவானவரோடு சேர்ந்து தூக்கும்போது கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார். 2009-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் துடுப்பு வலிப்பவர்களைத் தனியாகவும் கூட்டாகவும் ஒரே அளவு பயிற்சி செய்யவைத்துப் பார்த்தார்கள். ஒரே தாளத்தில் கூட்டாகச் செய்த பிறகு வலியைத் தாங்கும் திறன் கூடியிருந்தது. 2017-இல் அமெரிக்காவில் 69 மருத்துவ மாணவர்களிடம் 12 வாரம் ஓர் ஆய்வு நடந்தது. குழு வகுப்புக்குப் போனவர்கள் உணர்ந்த மன அழுத்தம் 26 சதவீதம் குறைந்திருந்தது. தனியாகப் பயிற்சி செய்தவர்கள் அதிக நேரம் செய்தும் அவர்களிடம் அப்படிக் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. எந்தக் குழுவில் சேர்வது என்பதை மாணவர்களே தேர்ந்துகொண்டதால் அந்த எண்ணை அப்படியே எல்லாருக்கும் பொருத்த முடியாது. ஆனாலும் அது காட்டுகிற திசை, கரமடி இழுத்த எவருக்கும் புதியதில்லை. தாளம் கொடுக்கிற குரலும், பக்கத்தில் மூச்சு வாங்குகிற ஆளும் இருந்தால் உடம்பு தன் எல்லையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறது.

ஆட்டமும் பாட்டுமாக இருப்பது சில பெற்றோருக்கு உறுத்துகிறது. ஆனால் இதன் வேர் கொஞ்சம் பழையது. 1968-இல் கென்னத் கூப்பர் எழுதிய புத்தகம் ஏரோபிக்ஸை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. 90-களில் கொலம்பியாவின் காலி நகரில் பெட்டோ பெரெஸ் ஆரம்பித்த ஜும்பா இன்று உலகமெங்கும் ஆடப்படுகிறது. பக்கத்துக் கேரளத்தில் 2025-இல் போதைக்கு எதிரான முயற்சியாகப் பள்ளிகளில் ஜும்பாவைக் கொண்டுவந்தபோது சில அமைப்புகள் எதிர்த்தன. எங்கள் ஊரில் கிறிஸ்தவரும் முஸ்லிமும் இந்துவும் கலந்து வாழ்கிறோம். உடை, ஆண்–பெண் சேர்ந்து நிற்பது பற்றியெல்லாம் வீட்டுக்கு வீடு கேள்வி இருக்கும். அவற்றை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். பதில் எளிது: பெண்களுக்குத் தனி வகுப்பு வேண்டுமென்றால் தனி வகுப்பு, பெண் பயிற்சியாளர், உடுத்தி வந்த உடையே போதும். பாட்டு பிடிக்காத இடத்தில் சிலம்பத்தின் காலடிகளைச் சொல்லிக்கொடுக்கலாம். மனவளக்கலையின் எளியமுறை உடற்பயிற்சி இருக்கிறது. அடிமுறை ஆசான்மார் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். ஒரு காலத்தில் வேலி இடுக்கு வழியாக நான் பார்த்த சுவடுகளை, கலையரங்கத்தின் நடுவில் நின்று இந்தப் பெண்பிள்ளைகள் வைப்பார்களானால் அதைவிட எனக்கு மகிழ்ச்சி வேறில்லை.

பையன்களுக்கும் இது வேண்டும். அவர்களில் வசதியுள்ளவர்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன் தனியாக எடை தூக்குகிறார்கள். அங்கே ‘பேட்டில் ரோப்’ என்று தடித்த கயிறு ஒன்று சுவரில் கட்டிக் கிடக்கிறது. இரண்டு முனையையும் ஒரே பையன் பிடித்து உலுக்குகிறான். தோளுக்கு நல்ல பயிற்சிதான். ஆனால் மாதக் கட்டணமும் புரோட்டீன் பொடியும் வாங்க முடியாதவன், கால்பந்து அணியிலும் இடம் கிடைக்காதவன், பத்தொன்பது வயதிலேயே உடம்பைக் கைவிட்டுவிடுகிறான். அவனைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்த ஒரு வகுப்பு வேண்டும்.

அன்று நான் பார்த்த வகுப்பு நாலு மணிக்குத் தொடங்கியது. நாலேகாலுக்கு, வரிசையில் இருந்த பாதிப் பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பஸ். என் அண்ணன் மகள் அன்று எனக்காக இருந்தாள். மற்ற நாட்களில் அவளும் ஓடுகிறவள்தான். நாற்பது ஆண்டுகளில் கடற்கரை மாறியது, வள்ளம் மாறியது, பெண்பிள்ளைகளின் படிப்பு மாறியது. உடற்கல்வி ஆசிரியர் விசில் ஊதுகிற நேரமும் பஸ் புறப்படுகிற நேரமும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வது மட்டும் மாறவில்லை. கோடு போட்ட பெயர்களின் பட்டியல் இன்னும் நீண்டுகொண்டே இருக்கிறது. இப்போது கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அரசு தன் பங்குக்குச் செய்திருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022-இல் வந்த ‘புதுமைப் பெண்’ திட்டத்திலும் 2024-இல் வந்த ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்திலும் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. பஸ் கிடைத்தது, பணம் கிடைத்தது. நேரத்தைக் கொடுக்க வேண்டியது கல்லூரி. அதற்குக் கோட்டையிலிருந்து அரசாணை வர வேண்டியதில்லை. கால அட்டவணை போடுகிறவர் மனம் வைத்தால் போதும்.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். வாரத்தில் இரண்டு நாள், நாற்பது நிமிடம், மணி அடித்த பிறகு இல்லாமல் வகுப்பு நேரத்துக்குள்ளேயே ஒதுக்குங்கள். கடைசி பீரியடாக வைக்காமல் மதியத்துக்கு முன்னால் வையுங்கள். கடைசி பீரியடைத்தான் முதலில் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். முகம் கழுவவும் உடை மாற்றவும் தண்ணீர் வருகிற ஓர் அறை கொடுங்கள். எடை பார்க்கும் இயந்திரத்தை வாசலில் வைக்காதீர்கள். மார்க் போடாதீர்கள், போட்டி நடத்தாதீர்கள், யாரையும் தேர்ந்தெடுக்காதீர்கள். மாதவிடாய் நாளில் உட்கார விரும்புகிறவளைக் காரணம் கேட்காமல் உட்கார விடுங்கள். மூட்டுவலியோ மூச்சிரைப்போ உள்ள பிள்ளை முன்கூட்டிச் சொல்லிவிட்டு, தன்னால் முடிந்த அளவுக்குச் செய்யட்டும்.

வாரம் எண்பது நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற குறைந்தபட்சக் கணக்கில் பாதியைத் தொட்டுவிடும். மீதிப் பாதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், ஏனென்றால் கூட வர ஆள் கிடைத்திருக்கும். மண்டைக்காட்டிலிருந்தோ முட்டத்திலிருந்தோ குளச்சலிலிருந்தோ வருகிற பெண், சாயங்காலப் பஸ்ஸைத் தவறவிடாமலேயே வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்துவிட்டு வீடு போய்ச் சேரலாம். அடுத்த பருவத்துக்கான கால அட்டவணையைக் கல்லூரிகள் எழுதும்போது, பஸ் நிலையத்தின் நேரப்பலகையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதட்டும்.